கையுறை வியாபாரிகள் கொண்டுவந்த பாட்டு

மார்கழி முதல் வாரத்தில் ஒரு மாலை, திருச்சி தெப்பக்குளத்துப் பக்கமிருந்து என்.எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைந்து பாருங்கள். துணிக்கடை வாசலில் பஞ்சுத்தாடி ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் வேர்த்து வழிய நின்றுகொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் இடுப்புயர ஸ்பீக்கரில் 'ஜிங்கிள் பெல்ஸ்'. நாலு கடை தள்ளி அதே பாட்டு, இரண்டு வரி பிந்தி ஓடும். நடுவில் எங்கோ, எதை எடுத்தாலும் இருநூறு ரூபாய் என்று பதிவு செய்த குரல். பனியில் சறுக்கும் வண்டியைக் கண்ணால் கண்டிராத ஊர், அந்த வண்டியின் மணிச்சத்தத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கி நடந்துபோகும்.

இதைக் காட்டித்தான் வருடா வருடம் அந்தப் புலம்பல் எழுகிறது. "எல்லாம் வியாபாரமாப் போச்சு சார். அந்தக் காலத்துல கிறிஸ்துமஸ் பாட்டுன்னா கோயிலுக்குள்ள பாடுறது. இப்போ கடைக்காரன் கையில மாட்டிச் சீரழியுது." பாலக்கரையில் பூசை முடிந்து வெளியே நிற்கும் பெரியவர் சொல்வார். பிரசங்கத்தில் கேட்கலாம், டிசம்பர் இதழ்களில் படிக்கலாம், வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் இரக்கப்பட்டுக்கொண்டே கூடச் சேர்ந்துகொள்வார்: "எங்க அரையர் சேவையை எவனாவது பட்டுப்புடவை விக்கறதுக்குப் போடறானா பாருங்கோ. நீங்கதான் கோட்டை விட்டுட்டேள்."

புலம்பலில் ஒரு நியாயம் இருப்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த ஸ்பீக்கர் தாங்க முடியாதது. நமக்காவது பத்து நிமிடம். அந்தக் கடையில் காலை முதல் இரவு வரை புடவை பிரித்துப் போடும் பெண் அதே பாட்டை ஒரு நாளில் எத்தனை முறை கேட்பார்? கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. காலுக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது, காதுக்கு வரவில்லை. இரைச்சலைப் பற்றிய வழக்கு என்றால் நானும் வாதி பக்கம் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் புலம்புகிறவர்கள் சொல்லும் வழக்கு வேறு. தூய்மையாக இருந்த இசை ஒன்று இருந்ததாம். காசு வந்து தொட்டதாம். தொட்ட இடம் அழுகியதாம். இந்தக் கதை எங்கேயும் நடக்கவில்லை. ஐரோப்பாவிலும் நடக்கவில்லை, தஞ்சாவூரிலும் நடக்கவில்லை, நம் ஊர்க் கோட்டைக்குள்ளும் நடக்கவில்லை.

புலம்புகிறவர்களுக்கு மிகப் பிடித்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுத் திருப்பலியில் விளக்கைத் தணித்துவிட்டு மெல்லிய குரலில் பாடும் 'சைலன்ட் நைட்'. அதன் தமிழ் வடிவத்தைப் பாடும்போது எங்கள் பாடகர் குழுவில் சிலர் அழுததை நானே பார்த்திருக்கிறேன். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர்க் கோயிலில் முதன்முதலாகப் பாடப்பட்டது. வரிகள் ஜோசப் மோர் என்ற குருவானவருடையவை. மெட்டு பிரான்ஸ் சேவர் குரூபர் என்ற பள்ளி ஆசிரியருடையது. துணைக்கு ஒரு கிதார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அந்தக் குக்கிராமத்துப் பாட்டு உலகத்துக்கு எப்படி வந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆர்கன் செய்கிற மவுராக்கர் என்பவர் வழியாக அது சில்லர்டால் பள்ளத்தாக்குக்குப் போனது. அங்கே ஸ்ட்ராசர் என்று ஒரு குடும்பம், தொழில் கையுறை வியாபாரம். 1830களின் தொடக்கத்தில் அவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் பாடினார்கள். கூட்டம் கூடியது, பெயர் பரவியது, பிறகு பாட்டு அச்சில் ஏறியது. கையுறை விற்கப் போனவர்கள் அன்று வாயை மூடிக்கொண்டு சரக்கை மட்டும் விற்றிருந்தால், இன்று திருச்சியில் அழுவதற்கு நமக்கு அந்தப் பாட்டு கிடைத்திருக்குமா? லைப்சிக் சந்தையும் ஒரு என்.எஸ்.பி. ரோடுதான். ஸ்பீக்கர் இல்லை, அவ்வளவு வித்தியாசம்.

மறுபக்கம், நாம் சபிக்கிற 'ஜிங்கிள் பெல்ஸ்' 1857இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்டது. அதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. குதிரை வண்டியில் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வாலிபனின் பாட்டு. புனிதமாக இருந்து கெட்டுப்போக அதற்கு வாய்ப்பே இருந்ததில்லை. சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபோ, 1939இல் மான்ட்கோமரி வார்டு என்ற கடை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகத்தில் பிறந்தது. பத்து வருடம் கழித்துத்தான் பாட்டானது. கடையில் பிறந்து கடையில் ஒலிக்கிறது. அதன்மேல் என்ன குற்றம்?

சரி, சந்தைக்குப் போகாத தூய பாட்டு நம் ஊரிலேயே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, அதை எழுதியவரின் கல்லறையும் இருக்கிறது. கண்டோன்மென்ட்டில் தூய யோவான் ஆலயத்துக்குள் போனால் பிஷப் ரெஜினால்ட் ஹீபர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைப் பார்க்கலாம். 1826 ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலை, கோட்டைக்குள் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், வெயிலுக்குக் குளிக்க இறங்கிய தொட்டியிலேயே இறந்துபோனார். வயது 42. ஹீபர் பெயரில் கல்லூரி இருப்பது தெரிந்தவர்களுக்குக்கூட, உலகமெங்கும் பாடப்படும் 'ஹோலி, ஹோலி, ஹோலி' அவர் எழுதியது என்பது பல நேரம் தெரியாது. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பாடும் விடிவெள்ளிப் பாட்டும் அவருடையதே.

அந்த விடிவெள்ளிப் பாட்டு வெளிவந்தபோது இங்கிலாந்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? நட்சத்திரத்தை வழிபடுவது போல இருக்கிறது என்று சிலர். சந்தம் நடனத்துக்கு ஏற்றதாக இருக்கிறது, கோயிலுக்கு ஆகாது என்று சிலர். தன் பாட்டுத் தொகுப்புக்குத் திருச்சபையின் அதிகாரபூர்வ ஒப்புதல் கேட்டு 1820இல் அவர் எழுதினார், கிடைக்கவில்லை. அவர் இங்கே மண்ணுக்குள் போனதற்கு அடுத்த வருடம்தான் புத்தகம் வந்தது. அவருடைய இன்னொரு பிரபலமான பாட்டு, 1819இல் வேல்ஸ் நாட்டு ரெக்ஸ்ஹாமில், மிஷனுக்குப் பணம் திரட்டும் ஞாயிறுக்காக எழுதப்பட்டது. நன்கொடைப் பாட்டு என்றே சொல்லலாம். இலங்கையைப் பற்றி அதில் ஓர் இழிசொல் வரும், அதைக் காந்தி கண்டித்தார், நியாயமான கண்டனம். நம் காரியத்துக்கு வேண்டியது வேறு: நடன மெட்டு என்று பழிக்கப்பட்டதும், காசு சேர்க்க எழுதியதும், இருநூறு வருடம் கழிந்ததும் 'அந்தக் காலத்துத் தூய இசை' ஆகிவிட்டன.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் புலம்பல்காரர்கள் மிக மோசமாகத் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஷ்வார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்கவைத்தார். கூடப் படித்தவர் பிற்பாடு அரசரான சரபோஜி. 1800ஐ ஒட்டிச் சாஸ்திரியார் பாடியது 'பெத்லகேம் குறவஞ்சி'. குறவஞ்சி என்றால் என்ன? கூடை இடுக்கிக்கொண்டு தெருவில் வந்து குறி சொல்லிப் பரிசு வாங்கும் குறத்தியின் கதை. பறவை பிடித்து விற்கும் சிங்கன் அவளைத் தேடி வருவான். கோயிலிலும் அரண்மனையிலும் தெருவிலும் ஒன்றாகப் புழங்கிய கூத்து அது. பெத்லகேமில் பிறந்தவனைப் பாடச் சாஸ்திரியார் அந்தக் கூத்தைத்தான் எடுத்தார். குறி சொல்லிப் பிழைப்பவளின் வாயில்தான் நற்செய்தியை வைத்தார். அரசர் ஆதரித்தார், சபைகள் அழைத்தன, ஊர் ஊராகப் போய்ப் பாடினார், சன்மானம் பெற்றார். பாட்டு அவருக்குப் பிழைப்பு. அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டைக் கோயிலுக்குள் பாடக்கூடாது என்று தடுத்தது யார்? கடைக்காரரா? இல்லை. 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள். அவர்களும் தூய்மைதான் பேசினார்கள். சாஸ்திரியார் 1829இல் எழுதி வைத்த குறைப்பட்டியலில் இதுவும் ஒன்று. அதே பட்டியலில் நற்கருணையில் சாதி கலப்பதை எதிர்த்தும் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் அவரோடு நிற்க என்னால் முடியாது, மிஷனரிகள்தான் சரி. பாட்டு என்ற இடத்தில் அவரோடு நிற்கிறேன். தமிழ்க் கிறிஸ்துமஸ் இசையின் கழுத்தில் ஒருகாலத்தில் கை வைத்தது காசு இல்லை, பக்தி. தப்பிப் பிழைத்தது எப்படியென்றால், கோயிலுக்கு வெளியே வீட்டிலும் பந்தலிலும் அதைக் கேட்க ஆள் இருந்தார்கள், கேட்டதற்குக் கொடுக்கவும் செய்தார்கள்.

இன்னொருவர் நம் ஜில்லாக்காரர். குளத்தூரில் 1826இல், ஹீபர் இறந்த அதே வருடத்தில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் வேலை பார்த்தார், பிறகு முன்சீப் ஆனார், 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினார். அவர் கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைக் கச்சேரி மேடையில் கேட்காத ரசிகர் உண்டா? டிக்கெட் விற்ற மேடை, ரெக்கார்டு விற்ற கம்பெனி, ரேடியோ. மேடையும் ரெக்கார்டும் இல்லாமல் பாட்டுப் புத்தகம் மட்டும் இருந்திருந்தால், அது இன்று ஏதோ நூலகத்தில் கரையானுக்குப் போயிருக்கும்.

கேசட் காலம் இன்னும் பக்கத்தில். 1977இல் திருச்சியில் குருவானவர் எஸ். எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, பரதத்தையும் கர்நாடக இசையையும் கிறிஸ்தவக் கதைகளுக்குக் கொண்டுவந்தது. அதன் பக்திப் பாடல் கேசட்டுகள் வீடு வீடாக ஓடின. அவற்றை யாரும் இலவசமாகக் கொடுக்கவில்லை, கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். எங்கள் வீட்டில் டேப் சிக்கிக்கொண்டால் அம்மா ரேனால்ட்ஸ் பேனாவை விட்டுச் சுற்றிச் சரிசெய்வார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது பெரிய காரியம். திறந்த கதவு வழியாகத் தமிழ்ப்பாட்டு அடுப்படிவரை வந்து சேர்ந்தது கேசட் வியாபாரத்தால்.

இப்போது ஸ்ரீரங்கத்து நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். அரையர் சேவையைப் பற்றி எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பகல் பத்தில் குல்லாயும் தாளமுமாக அரையர் நின்று ஆழ்வார் பாசுரங்களைப் பாடும்போது ஸ்ரீரங்கம் கோயில் மண்டபத்தில் நின்றிருக்கிறேன். அதற்கு நிகராக என் பக்கத்திலிருந்து எதையும் காட்ட என்னால் முடியாது. ஆனால் அது காசு படாத இசை என்று நண்பர் சொல்வது அவர் ஊர்க் கல்வெட்டுக்கே பொறுக்காது. திருவிழா இரவில் அரங்கன் குலசேகராழ்வாரின் பாசுரம் கேட்டருளும்போது அமுது செய்விக்கப் பணம் வைத்ததைச் சொல்லும் கல்வெட்டு, முதல் குலோத்துங்கன் காலத்தது, அந்தக் கோயில் சுவரில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரை வைத்தான், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் இரண்டு பேர், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். பாடுகிறவனுக்கும் வயிறு உண்டு என்று தெரிந்த ஆட்கள் அவர்கள். கல்லிலேயே எழுதிவைத்தார்கள், பின்னால் வருகிறவன் கைவைக்கக் கூடாதென்று.

இன்னும் ஒன்று உண்டு. நண்பர் தினமும் நிமிர்ந்து பார்க்கும் ராஜகோபுரம், பதின்மூன்று நிலை, 1987 மார்ச்சில் குடமுழுக்கு கண்டது. அதில் ஒரு நிலை இளையராஜா கொடுத்த பணத்தில் எழுந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? டீக்கடை ரேடியோவிலும் டூரிங் கொட்டகையிலும் ஓடிய பாட்டிலிருந்து. நம் வியாபார இசை அந்தக் கோபுரத்தில் ஒரு மாடி உயரத்துக்கு நிற்கிறது. அரங்கனுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததாகப் பட்டர்கள் சொல்லவில்லை. மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து வீடுகளில் கேட்கும் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவையும், அரியக்குடி மெட்டமைத்து, ஒலிப்பதிவாகி, கடையில் விற்று வந்ததுதான். 2020இல் டிசம்பர் 25 அன்றே வைகுண்ட ஏகாதசி வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பரமபத வாசல், இக்கரையில் குடிலில் பாலகன். இரண்டு கரையிலும் அன்று காலை ஒலித்த பாட்டில் பெரும்பங்கு யாரோ காசுக்குப் பாடிக் காசுக்கு விற்றது.

அப்படியானால் என்.எஸ்.பி. ரோட்டில் எதுவும் கெடவில்லையா? கெட்டிருக்கிறது. ஆனால் அது கடையிலிருந்து தொடங்கவில்லை. கேரல் ரவுண்ட்ஸைப் பாருங்கள். முன்பு பத்துப் பேர் ஒரு பெட்ரோமாக்ஸ், ஒரு டோலக், ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு தெருத்தெருவாகப் போவோம். தொண்டை கட்டும், மூன்றாம் வீட்டில் சுக்குக் காப்பி தருவார்கள், ஸ்ருதி பத்தாவது வீட்டில் காணாமல் போகும். இப்போது குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் வருகின்றன. பென்டிரைவில் டிராக் பாடுகிறது, பிள்ளைகள் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறார்கள். திருப்பலியிலேயே மைனஸ் ஒன் டிராக் போட்டுப் பாடும் கோயில்கள் வந்துவிட்டன. தபேலாக்காரருக்கும் வயலின்காரருக்கும் கொடுக்கிற காசு மிச்சம். கடைக்காரர் செய்ததையேதான் நாமும் செய்திருக்கிறோம்: ஆளை நிறுத்திவிட்டு இயந்திரத்தை வைத்திருக்கிறோம். அவரை மட்டும் வியாபாரி என்கிறோம்.

சட்டம் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. உண்மையான மதச்சடங்கில் ஒரு பாட்டைப் பாடினாலோ ஒலிபரப்பினாலோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்கும் அதே சலுகை. கடையில் போட்டால் உரிமம் வாங்க வேண்டும்; 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமப் பணத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் எழுதிக்கொடுத்தாலும் போகாத பங்கு உண்டு. எல்லாக் கடையும் ஒழுங்காகக் கட்டுகிறது என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு தமிழ்க் கிறிஸ்துமஸ் பாட்டை எழுதியவர் போய்க் கேட்கச் சட்டத்தில் வழி இருப்பது துணிக்கடையிடம்தான், கோயிலிடம் இல்லை. இந்த விலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்பிடுகிறவனுக்கு ரசீது போடுவது அசிங்கம். கொடுக்கக் கடமை இல்லாத இடத்திலிருந்து கொடுக்கக் கடமைப்பட்ட இடத்தைப் பார்த்து "காசு, காசு" என்று முகம் சுளிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைக்காரர் ஏன் தமிழ்ப்பாட்டைப் போடுவதில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "சாமி பேரு வந்தா ஒரு கஸ்டமர் முகத்தைத் திருப்புவாரு. ஜிங்கிள் பெல்ஸ்ல ஒண்ணும் வராதுல்ல சார், வெறும் மணிதானே." குறவஞ்சியைத் தெருவில் ஆடவிட்ட சாஸ்திரியாருக்கு இந்தப் பயம் இருக்கவில்லை. தெருவில் போகிற எந்தச் சாமிக்காரனும் நின்று கேட்கிற மாதிரி பாட்டு எழுத அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் இப்போது எழுதிப் பதிவு செய்வதில் பெரும்பாலானவை நமக்கு நாமே பாடிக்கொள்பவை. பாதி அழுகை, மீதி பிரசங்கம். கடைத்தெருவில் போட்டால் நானே நகர்ந்துவிடுவேன்.

எனக்குத் தெரிந்த கீபோர்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். நவம்பர் கடைசியில் ஒரு கோயில் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. ஒன்பது ஒத்திகை, நள்ளிரவுத் திருப்பலி, புத்தாண்டுத் திருப்பலி. தொகை பேச வாயைத் திறந்ததும் கமிட்டிக்காரர், "தம்பி, இது ஆண்டவருக்குச் செய்யறது. இதுல போயி வியாபாரம் பேசலாமா?" என்றிருக்கிறார். அன்று மேடை அலங்காரத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் முன்பணம் கொடுத்த ரசீது அவர் மேஜையில் இருந்ததாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"சரின்னு சொல்லிட்டேன் அண்ணே. ஆண்டவர்னு சொன்னப்புறம் என்ன பேசறது? தில்லை நகர்ல ஒரு கடையில இருபத்தி மூணும் இருபத்தி நாலும் சாயந்தரம் வாசல்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. மூணு மணி நேரம். கையில காசு, ராத்திரி சாப்பாடு. தமிழ்ப்பாட்டு வாசிக்கலாமான்னு கேட்டேன், தாராளமா வாசிங்கன்னாங்க. அங்கேருந்து நேரா கோயிலுக்கு வந்துருவேன்."

இருபத்தி நாலாம் தேதி ராத்திரி ஒன்பதரைக்குக் கடை வாசலில் கீபோர்டை மடக்கி உறையில் போட்டு, வண்டியின் முன்னால் நிறுத்திக் கட்டிக்கொண்டு அவர் புறப்படுவார். பதினொன்றரைக்கு அதே கீபோர்டு, பீடத்துக்கு இடப்பக்கம்.